யந்திரம் எழுதும் நாட்குறிப்பு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து சென்றால், போரதீவுப்பற்றின் வயல்வெளிகள் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும். அப்பற்றின் பிரதேச செயலகம் அமைந்துள்ள ஊர் வெல்லாவெளி. ஞாயிறு படுகின்ற திசையிலுள்ள கரையாதலின் இப்பகுதியைப் படுவான்கரை என்றும், எதிர்க்கரையை எழுவான்கரை என்றும் நம்மவர் வழங்குவர். இங்கே வேளாண்மை விளையும் காலத்தில் உழவனுக்கு உறக்கமில்லை. காட்டு யானை எந்தப் பக்கத்தால் வந்து இறங்கும் என்று சொல்ல முடியாதாகையால் இரவிலே பரண்மீதிருந்து காவல் செய்வர். ஒரு பரணிலிருப்பவன் தன் வயலையும் அதன் அயலையும் மட்டுமே காண்பான். அடுத்த பரணிலிருந்து எழும் கூவலைக் கேட்ட பின்னரே யானை வரும் வழி அவனுக்குப் புலனாகும். பல பரண்களின் கூவலையும் ஒரே காது கேட்குமானால், காரிருளிலும் யானையின் பாதையை அறிந்து விடலாம்.

கணினிகளின் உலகிலும் இத்தகைய காவல் முறை ஒன்றுண்டு. பல கணினிகள் தத்தமக்குள் எழுதி வைக்கும் குறிப்புக்களையெல்லாம் ஓரிடத்திற் சேர்த்து வைப்பதே அம்முறை. பெரிய வங்கிகளும் தொலைபேசிக் கம்பெனிகளும் இதற்கெனப் பெருஞ் செலவு செய்கின்றன. ஆயினும் பாடசாலையிலோ வீட்டிலோ உள்ள பழைய மேசைக் கணினி ஒன்றைக் கொண்டே, காசு கொடுத்து வாங்க வேண்டாத மென்பொருளைப் பயன்படுத்தி, இதனை நாமும் செய்து கொள்ளலாம். அது எவ்வாறு என்பதையும், ஏன் செய்ய வேண்டும் என்பதையும் இங்கே காண்போம்.

சம்பவத் திரட்டு

நமது பாடசாலைகளிலே அதிபரின் மேசையில் சம்பவத் திரட்டுப் புத்தகம் ஒன்று இருப்பதை மாணவர் அறிவர். ஆங்கிலத்தில் அதனை ‘லொக்’ புத்தகம் என்பர். ‘லொக்’ என்றால் மரக்கட்டை. மரக்கட்டைக்கும் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம்? பாய்க்கப்பற் காலத்திலே, முடிச்சுக்கள் இட்ட கயிற்றின் நுனியில் ஒரு கட்டையைக் கட்டிக் கப்பலின் பின்புறத்தே கடலில் விடுவார்கள். குறித்த நேரத்தில் எத்தனை முடிச்சு ஓடுகின்றது என்று எண்ணிக் கப்பலின் வேகத்தைக் கணிப்பார்கள். அந்தக் கணக்கை எழுதிய ஏடு கட்டையின் பெயரையே பெற்றது. பின்னர் கப்பலில் நிகழும் யாவும் அதில் எழுதப்பட்டன.

கணினியும் இத்தகைய நாட்குறிப்பை ஓயாது எழுதிக் கொண்டே இருக்கின்றது. இன்ன நேரத்தில் இன்னார் உட்புகுந்தார், கடவுச்சொல் பிழைத்தது, தட்டில் ஒரு பகுதி பழுதுபட்டது, மின்சாரம் அறுந்தது, இவ்வாறு ஒவ்வொன்றையும் ஒரு வரியாகப் பதிந்து வைக்கின்றது. கணினியைப் பாவிப்போரிற் பலர் இக்குறிப்பு ஒன்று இருப்பதையே அறியார்.

ஆனால் இதில் ஒரு குறையுண்டு. கணினி தன் குறிப்பைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கின்றது. கணினி செத்தால் குறிப்பும் உடன் சாகும். கள்ளன் புகுந்தால், அவன் முதலில் அழிப்பதும் இந்தக் குறிப்பையே.

பழி யாருக்கு?

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். ஒரு பாடசாலையின் கணினிக் கூடத்தில் பன்னிரண்டு கணினிகள் உள்ளன என்று வைத்துக் கொள்வோம். ஒரு நாள் காலை 10.42 மணிக்கு மின்சாரம் நின்றது. மீண்டும் வந்தபோது நான்காம் இலக்கக் கணினி மட்டும் எழவில்லை. அதன் முன்னே இருந்தவன் ஒரு மாணவன். “நீ என்ன செய்தாய்?” என்று எல்லோரும் அவனையே கேட்பார்கள். அவன் என்ன சொல்லியும் நம்புவார் இல்லை. அவன் நேர்மைக்குச் சாட்சி சொல்லக்கூடிய குறிப்போ, எழ மறுக்கும் அக்கணினிக்குள்ளே அடைபட்டுக் கிடக்கின்றது.

அக்கூடத்தின் மூலையில் குறிப்புத் திரட்டும் கணினி ஒன்று இருந்திருப்பின் நிலைமை வேறாகும். மற்றைய பதினொரு கணினிகளும் மீண்டும் எழுந்தவுடன், “முந்திய நிறுத்தம் எதிர்பாராதது” என்ற செய்தியை அதற்கு அனுப்பியிருக்கும். விண்டோஸ் கணினிகளில் இச்செய்தியின் இலக்கம் 6008. நின்ற நேரத்தையும் அச்செய்தி கூறும். அன்றியும், கடந்த ஒரு வாரமாக நான்காம் கணினி, தன் வன்தட்டில் பழுதுபட்ட பகுதி உண்டு என்று 7ஆம் இலக்கச் செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பி வந்தமையும் அங்கே காணக் கிடைக்கும். தட்டு ஏற்கெனவே நோயுற்றிருந்தது. மின்வெட்டு அதன் முடிவை விரைவாக்கியது. மாணவன் குற்றமற்றவன். ஒரு பிள்ளையின் மேல் விழவிருந்த பழியைத் தடுப்பதற்கு, வேறோரிடத்தில் எழுதிவைக்கப்பட்ட சில வரிகள் போதுமாயிருந்தன.

எழுபத்தைந்து சதம்

வேறிடத்திற் குறித்து வைப்பதன் அருமையை உலகம் உணர்ந்த வரலாறு சுவையானது. 1986ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்திலுள்ள லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில், கிளிபர்ட் ஸ்ரோல் என்ற வானியலாளர் கணினிப் பிரிவிற் பணியாற்றி வந்தார். கணினிப் பாவனைக் கணக்கில் 75 சதம் உதைத்தது. இத்தனை சிறிய தொகையை யாரும் தள்ளிவிட்டிருப்பார்கள். அவர் தள்ளவில்லை. தேடத் தேட, எவனோ ஒருவன் வெளியிலிருந்து களவாக உட்புகுகின்றான் என்பது தெரிய வந்தது.

கணினிக்குள் எழுதப்படும் குறிப்பை அக்கள்வன் அழித்துவிட முடியும். ஆகவே ஸ்ரோல், ஆய்வுகூடத்துக்குள் வரும் தொலைபேசி இணைப்புக்களில் அச்சு யந்திரங்களைப் பொருத்தி, வந்தவன் தட்டிய ஒவ்வோர் எழுத்தையும் கடதாசியிற் பதியச் செய்தார். கடதாசியிலே பதிந்ததைக் கணினி வழியாக அழிக்க எவராலும் இயலாதன்றோ? அப்பதிவுகளின் துணையால் தேடல் மேற்கு ஜேர்மனியின் ஹனோவர் நகரம்வரை சென்றது. அங்கேயிருந்த மார்க்கஸ் ஹெஸ் என்பவனும் அவன் கூட்டாளிகளும் சோவியத் உளவுப் பிரிவுக்குத் தகவல் விற்றமை வெளியாயிற்று. 1990இல் அவர்கள் தண்டிக்கப்பட்டனர்.

அன்று அச்சு யந்திரங்கள் செய்த வேலையை இன்று ஒரு மேசைக் கணினி செய்கின்றது.

எட்டுப் படிகள்

எல்லாக் கணினிகளும் ஒரே பாணியிற் பேசினாலன்றி அவற்றின் குறிப்புக்களை ஒன்று சேர்த்தல் இயலாது. 1980களிலே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில், எரிக் ஓல்மன் என்பவர் ‘சென்ட்மெயில்’ என்ற அஞ்சல் மென்பொருளை ஆக்கினார். அதன் குறிப்புக்களுக்காக அவர் வகுத்த முறைக்குச் ‘சிஸ்லொக்’ என்று பெயர். நாளடைவில் ஏனைய மென்பொருள்களும் அதனைத் தழுவிக் கொண்டன. 2001இல் அதன் வழக்கு ஓர் ஆவணமாக எழுதப்பட்டது; 2009இல் திருத்திய நியமம் வெளியாயிற்று.

இம்முறையில் ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 7 வரை எட்டுப் படிகளில் ஒன்று தரப்படும். 0 என்றால் யாவும் நிலைகுலைந்த அவசர நிலை. 1 உடனே கவனிக்க வேண்டியது, 2 கடுமையானது, 3 பிழை, 4 எச்சரிக்கை, 5 கவனத்துக்குரியது, 6 வெறுந் தகவல், 7 மென்பொருள் எழுதுவோர் தம் பிழைகளைத் தேடுவதற்கான குறிப்பு. செய்தி எப்பகுதியிலிருந்து வருகின்றது என்பதற்கு 0 முதல் 23 வரை வேறோர் இலக்கம் உண்டு. பகுதி இலக்கத்தை எட்டாற் பெருக்கிப் படியைக் கூட்டினால் வருவதே செய்தியின் முகப்பு எண். 34 என்று தொடங்கும் செய்தியைப் பாருங்கள். நான்கெட்டு முப்பத்திரண்டு, மிகுதி இரண்டு. நான்காம் பகுதி உட்புகுவோரைச் சோதிக்கும் பகுதி. இரண்டாம் படி கடுமை. வாயிற் கதவில் ஏதோ பாரதூரமாக நடந்திருக்கின்றது என்பது இவ்வளவிலேயே விளங்கிவிடும்.

கணினியை ஆயத்தப்படுத்தல்

இனிச் செய்முறைக்கு வருவோம். லினக்ஸ் இயங்குதளம் உள்ள மேசைக் கணினி ஒன்று வேண்டும். உபுண்டு, டெபியன் ஆகிய இரண்டும் தகுந்தவை. ஜேர்மனியரான ரெய்னர் கேர்ஹார்ட்ஸ் 2004இல் தொடங்கிய ‘ஆர்சிஸ்லொக்’ என்ற மென்பொருளை இங்கே பயன்படுத்துவோம். உபுண்டுவில் அது வழக்கமாக உடன் வருகின்றது. 2023இல் வெளியான டெபியன் 12இல் இருந்து அது தானாக நிறுவப்படுவதில்லை. நாமே கேட்டு நிறுவிக்கொள்ள வேண்டும்.

முதலாவதாக, திரட்டும் கணினிக்கு மாறாத வலையமைப்பு முகவரி ஒன்றைக் கொடுங்கள். 192.168.1.10 என்று வைத்துக் கொள்வோம். முகவரி நாளுக்கு நாள் மாறினால் தபாற்காரன் கடிதத்தை எங்கே சேர்ப்பான்?

இரண்டாவதாக, ‘ஈ.ரீ.சீ.’ என்னும் அடைவிலுள்ள ஆர்சிஸ்லொக்கின் அமைப்புக் கோப்பைத் திறவுங்கள். வெளியிலிருந்து வரும் செய்திகளைக் கேட்பதற்கான வரிகள் அங்கே ஏற்கெனவே உள்ளன. ஆனால் அவற்றின் முன்னே # என்ற குறியிட்டு அவை உறங்க வைக்கப்பட்டிருக்கும். ‘யூ.டீ.பீ.’ முறைக்கு இரண்டு வரி; ‘ரீ.சீ.பீ.’ முறைக்கு இரண்டு வரி. வேண்டிய வரிகளின் முன்னுள்ள குறியை நீக்கினால் அவை விழித்துக் கொள்ளும். இரண்டுக்கும் வாயில் இலக்கம் 514.

இவ்விரு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு யாது? முன்னையது சாதாரண தபாலட்டை போன்றது. போட்டவர் போய்விடுவார், சேர்ந்ததா என்று கேளார். பின்னையது பதிவுத் தபால் போன்றது. கிடைத்தமைக்கு அத்தாட்சி வாங்கும். மின்சாரமும் இணைப்பும் அடிக்கடி தடைப்படும் இடங்களில் பின்னையதே மேலானது. அன்றியும், திரட்டும் கணினி நின்றிருக்கும் வேளையில், அனுப்பும் கணினி செய்திகளைத் தன் தட்டிலே வரிசையாக வைத்திருந்து பின்னர் அனுப்புமாறும் ஆர்சிஸ்லொக்கைப் பணிக்கலாம்.

மூன்றாவதாக, ஒவ்வொரு கணினியின் குறிப்பும் அதனதன் பெயர் கொண்ட தனி அடைவிற் சேருமாறு ஒரு வார்ப்புரு எழுதுங்கள். இங்கேதான் புதியவர் பலர் இடறுவர். உபுண்டுவில் ஆர்சிஸ்லொக் ‘சிஸ்லொக்’ என்ற பாவனையாளர் பெயரில் இயங்குவது. அப்பெயருக்கு எழுதும் உரிமை இல்லாத அடைவைக் காட்டினால் ஒரு வரியும் பதியாது. ஆகவே புதிய அடைவை ஆக்கியவுடன் அதன் உரிமையை மாற்றிக் கொடுக்க மறவாதீர்கள்.

நான்காவதாக, அமைப்புக் கோப்பிற் பிழையுண்டா என்று ஆர்சிஸ்லொக்கைக் கொண்டே சோதித்து, பின்னர் அதனை நிறுத்தி மீண்டும் இயக்குங்கள். தீச்சுவரிலே 514ஆம் வாயிலை உங்கள் கூடத்து முகவரிகளுக்கு மட்டுமே திறவுங்கள். இணையத்துக்கு அதனைத் திறத்தல் ஆகாது.

ஐந்தாவதாக, அனுப்பும் லினக்ஸ் கணினிகள் ஒவ்வொன்றிலும் ஒரேயொரு வரி சேர்த்தாற் போதும். எல்லாப் பகுதியும் எல்லாப் படியும் என்பதைக் குறிக்க இரு நட்சத்திரக் குறிகளும் அவற்றிடையே ஒரு புள்ளியும் இட்டு, அப்பால் @ என்ற குறியும் திரட்டும் கணினியின் முகவரியும் எழுத வேண்டும். ஒரு @ இட்டால் தபாலட்டை. இரண்டு இட்டால் பதிவுத் தபால். பின்னர் ‘லொகர்’ என்ற கட்டளையால் ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பாருங்கள். மூலையிலுள்ள கணினியில் அது தோன்றினால் வேலை முடிந்தது.

விண்டோஸ் கணினிகள் இயல்பாகச் சிஸ்லொக் மொழி பேசுவதில்லை. அவற்றுக்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும். ‘என்.எக்ஸ்லொக்’ மென்பொருளின் சமூகப் பதிப்பு அப்பணியைச் செய்யும். கடவுச்சொல் பிழைத்தமையைக் கூறும் 4625, பாதுகாப்புக் குறிப்பு அழிக்கப்பட்டமையைக் கூறும் 1102, மேலே சொன்ன 6008 ஆகியவற்றைத் தவறாது அனுப்பச் செய்யுங்கள்.

பழைய நேரமா, புது நேரமா?

எல்லாக் குறிப்பும் ஓரிடம் வந்து சேர்ந்தபின் வேறொரு தொல்லை எழும். ஒரு கணினி 10.42 என்கின்றது, மற்றது 10.57 என்கின்றது. எது முந்தியது?

நேரம் பிசகுவதால் வரும் சங்கடத்தை நமது பிரதேசத்தார்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டு 1996 மே மாதத்தில் இலங்கையின் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுக்கப்பட்டன. 2006 ஏப்பிரலிலே மீண்டும் பழைய நிலைக்கு வந்தன. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளோ இம்மாற்றத்தை ஏற்கவில்லை. படுவான்கரையின் பல ஊர்கள் 2007வரை அக்கட்டுப்பாட்டில் இருந்தவை. ஒரே நாட்டில் இரு நேரம் வழங்கிய அக்காலத்தில், “எட்டு மணிக்கு” என்று மட்டும் சொன்னால் எந்த எட்டு மணி என்று கேட்டுத் தெளிய வேண்டியிருந்தது.

சிஸ்லொக்கின் பழைய பாணியில் இதே குறை இருந்தது. மாதம், தேதி, மணி, நிமிடம், விநாடி ஆகியவற்றை மட்டுமே அது எழுதும். ஆண்டும் இல்லை; எந்த நாட்டு நேரம் என்பதும் இல்லை. 2009ஆம் ஆண்டின் நியமம் இதனைத் தீர்த்தது. அதன்படி ஆண்டு முன்வரும். உலகப் பொது நேரத்திலிருந்து எவ்வளவு விலகியது என்பது இறுதியில் வரும். நமக்கு அது +05:30. ஆகவே அமைப்புக் கோப்பிலே பழைய பாணியைக் கட்டளையிடும் வரி இருப்பின் அதனை உறங்க வைத்துப் புதிய பாணியையே கைக்கொள்ளுங்கள். டேவிட் மில்ஸ் 1985இல் வெளியிட்ட ‘என்.ரீ.பீ.’ என்னும் நேரச் சீராக்கல் முறையால் எல்லாக் கணினிகளின் கடிகாரங்களையும் ஒன்றுபடுத்துங்கள். இதனைச் செய்யாது குறிப்புச் சேர்ப்பது, வெவ்வேறு தாளம் போடுவோரைக் கொண்டு கூத்து ஆடுவிப்பதை ஒக்கும்.

இடமும் காவலும்

“இத்தனை குறிப்பையும் வைக்க இடம் போதுமா?” என்று சிலர் ஐயுறலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கணினி நாளொன்றுக்கு 5,000 வரி எழுதுவதாகக் கொள்வோம். பன்னிரண்டு கணினிக்கும் 60,000 வரி. ஒரு வரிக்கு 200 எழுத்தென்றால், நாளொன்றுக்கு 12 மெகாபைற்று; ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 4.4 கிகாபைற்று. ஒரு சிறிய பேனைத் தட்டிலேயே அடங்கிவிடும். பழைய குறிப்பைச் சுருக்கி வைக்கவும், காலங் கடந்ததை நீக்கவும் ‘லொக்ரொட்டேற்’ என்ற மென்பொருள் உண்டு. கவனியாது விட்டால் சில வாரங்களிலேயே அது பழையதை நீக்கிவிடுமாதலின், எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதை நீங்களே தீர்மானித்து எழுதிவிடுங்கள்.

‘கிரேலொக்’, ‘இலாஸ்ரிக்சேர்ச்’, ‘லோக்கி’ முதலிய பெரிய மென்பொருள்களும் உள்ளன. அழகிய வரைபடங்களையும் விரைவான தேடலையும் அவை தரும். ஆனால் அவற்றுட் சில மிகுந்த நினைவகத்தை உண்பவை. சிறிய கூடத்துக்கு ஆர்சிஸ்லொக் போதும். முதலில் அதிலே கைபழகிய மாணவர்க்குப் பெரியவை எளிதில் வசமாகும்.

திரட்டும் கணினிக்கும், வலையமைப்பை இணைக்கும் ஆளிக்கும் ‘யூ.பீ.எஸ்.’ மின்கலப் பெட்டி வைத்தல் நலம். மாரிகாலத்து இடிமின்னலையும் வெள்ளத்தையும் எண்ணி, அக்கணினியைத் தரையில் வையாது உயர வையுங்கள். கிழமைக்கு ஒரு தடவை அதன் குறிப்புக்களைப் பேனைத் தட்டிற் பிரதி செய்து, வேறொரு கட்டிடத்திற் பூட்டி வையுங்கள். ஓரிடத்திற் சேர்த்து விட்டோம் என்ற திருப்தியோடு இருந்து விடலாகாது. 2023 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்க மேகக் கணினித் தொகுதி கப்பம் கோரும் நச்சு மென்பொருளுக்கு இரையாயிற்று. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்து மின்னஞ்சல்களுக்கு வேறு பிரதி இல்லாமையால் அவை மீளவில்லை. பெருஞ் செல்வாக்குள்ள தாபனங்களுக்கே இது நேர்ந்ததென்றால், நாம் எவ்வளவு முன்னெச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

குறிப்பும் கண்ணியமும்

இன்னுமொன்று பெற்றோரும் ஆசிரியரும் கருத வேண்டியது. யார் எப்போது கணினியில் அமர்ந்தார் என்பதை இக்குறிப்பு காட்டும். பழியிலிருந்து ஒருவனைக் காக்கும் அதே ஏடு, பிறரை ஒளிந்திருந்து நோட்டமிடும் கருவியாகவும் மாறக்கூடும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் நிறைவேற்றப்பட்டமைக்கு இத்தகைய அச்சமும் ஒரு காரணமே. கூடத்துக் கணினிகளின் குறிப்புக்கள் சேர்க்கப்படுகின்றன என்று மாணவர்க்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள். எவரெவர் அவற்றைப் பார்க்கலாம் என்று வரையறுங்கள். இருவர் போதும். கோப்புக்களின் உரிமையையும் அதற்கேற்பச் சுருக்கி வையுங்கள்.

இவ்வளவும் செய்து, அவற்றைப் படியாது விட்டால் என்ன பயன்? எவரும் திறவாத ஏட்டினால் எவரும் தப்பியதில்லை. எல்லா வரிகளையும் படிக்க வேண்டியதில்லை. 0 முதல் 3 வரையான படிகளை மட்டும் பிரித்து ஒரு தனிக் கோப்பிற் சேருமாறு செய்து, காலையிலே பத்து நிமிடம் அதனைப் பார்த்தாற் போதும். உயர்தர வகுப்பு மாணவர் முறைவைத்து இதனைச் செய்யலாம். எந்தக் கணினியின் தட்டு தளர்கின்றது, எங்கே கடவுச்சொல் அடிக்கடி பிழைக்கின்றது, எந்த நாட்களில் மின்சாரம் நிற்கின்றது என்பவற்றை ஒரு மாத காலத்திலேயே அவர்கள் சொல்லத் தொடங்குவார்கள். புத்தகத்திற் படித்த வலையமைப்புப் பாடம் அப்போது கைக்கு வந்த தொழிலாகிவிடும்.

நல்ல கணினியை வாங்கப் பணம் வேண்டும். அது சொல்வதைக் கேட்கப் பொறுமை மட்டுமே வேண்டும். மூலையில் உறங்கும் பழைய கணினி ஒன்று உங்கள் பாடசாலையில் இருக்குமாயின், அடுத்த விடுமுறை நாளில் அதன் தூசியைத் தட்டி, முதல் வேலையாக அதன் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்.